கடலில் எடுத்த ஆள்

1

இந்த ராட்டர்டாம் நகரத்தில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டும். இருக்கிறாயா, எங்கே இருக்கிறாய், இன்னும் எவ்வளவு காலம் இருப்பதாக உத்தேசம் என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பையைத் திறந்து பார்ப்பேன். ஐந்து வருஷமாக இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன், ஒழுங்காக வரி கட்டுகிறேன், யார் வம்புக்கும் போவதில்லை. இருந்தும் பார்ப்பேன்.

போன வாரம் எனக்கு முன்னால் ஒரு வங்காளிக் கிழவர் நின்றார். கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். எல்லோரும் அவரை மியா என்றுதான் கூப்பிடுவார்கள். கவுன்டரில் இருந்த பெண் அவரிடம் பிறந்த நாடு எது என்று கேட்டாள். இந்தியா என்றார். முந்தைய பாஸ்போர்ட் எந்த நாடு என்றாள். பாகிஸ்தான் என்றார். இப்போது எந்த நாடு என்றாள். வங்கதேசம் என்றார். எப்போதெல்லாம் வீடு மாறினீர்கள் என்று அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்க, கிழவர் திகைத்துப்போய், "நான் வீடே மாறவில்லையே அம்மா" என்றார்.

அந்தப் பெண் உதவிக்கு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஊர். எனக்குத் தெரிந்த டச்சில் விளக்கினேன். என் இடுப்பளவு உயரம்கூட இல்லாத மகள் மாலா நடுவில் புகுந்து, "அம்மா, நீ சொல்றது தப்பு, நான் சொல்றேன்" என்று டச்சிலேயே என்னைத் திருத்தினாள். அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து வயதில் இவள் என் வாத்தியார்.

வெளியே வந்ததும் மியா என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெற்றி நாள், மண்டபம் எடுத்திருக்கிறோம், நீங்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். "உங்கள் நாடு எங்களுக்குச் செய்த உதவியைப் பற்றி."

சரி என்று தலையாட்டிவிட்டேன். டிராமில் வீட்டுக்கு வரும்போது என் மேலேயே எனக்குக் கோபம். நான் என்ன பேசுவது? எனக்குத் தெரிந்த உதவி ஒன்றுதான். அதை மேடையில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அதனால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

2

எங்கள் குப்பம் மகாபலிபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே கடலில் போய்விட்டார். அம்மா அஞ்சலை, கரையில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து விற்று என்னை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தாள். குப்பத்திலேயே வாய் அவளுக்குத்தான் பெரிது. அந்த வாய் எனக்கும் வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த விவகாரமானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்து. ஊர்த் தலைவரான நாட்டாரைக் கேட்காமல் போலீஸ் படி ஏறினவன் வீட்டில் யாரும் நெருப்புக்கூட வாங்க மாட்டார்கள். பஞ்சாயத்து கோயிலுக்கு முன்னால் மணலில் கூடும். அங்கே சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாசம், வங்காள அகதிகளுக்காகத் திருக்கழுக்குன்றத்திலிருந்து சிலர் உண்டியலோடு வந்தார்கள். கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் பட்டாளம் புகுந்து ஊர் ஊராகக் கொளுத்துகிறது, ஆற்றில் பிணம் மிதக்கிறது, ஜனங்கள் குழந்தை குட்டியோடு நம் நாட்டுக்குள் ஓடி வருகிறார்கள் என்று சொன்னார்கள். நாட்டார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, உண்டியலில் சில்லறை போட வேண்டாம், ஒருநாள் பாடு முழுவதும் தருகிறோம் என்றார். பாடு என்றால் அன்றைக்கு விழுந்த மீன் அத்தனையும். அன்றைக்கு ஒரு வீட்டிலும் குழம்புக்கு ஒரு மீன் எடுக்கவில்லை. ஊரே கஞ்சியும் உப்பும்தான். அம்மாவுக்கு அதில் பெருமை சொல்லி மாளாது.

"அந்த ஜனமும் நம்பள மாதிரி மீன் துன்ற ஜனமாமே" என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டிசம்பரில் நம் நாடே யுத்தத்தில் இறங்கியது. கரையில் விளக்கு கூடாது, பொழுது விடியாமல் கடலில் இறங்கக் கூடாது, இருட்டுவதற்குள் கட்டுமரம் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சிம்னி விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினோம். கடலுக்குள் எதிரியின் நீர்மூழ்கி வந்திருக்கிறது, கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் மின் நிலையத்தைப் பார்த்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை. யாராவது அந்நியன் கண்ணில் பட்டால் பிடித்து வை என்றும் உத்தரவு. நான் படிப்பு முடித்துவிட்டு வேலை ஆர்டருக்காக வீட்டில் காத்திருந்தேன்.

யுத்தம் தொடங்கி இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவின் கட்டுமரம் சீக்கிரமே திரும்பி வந்தது. மரத்தின் மேல் வலைக்குப் பதில் ஒரு ஆள் கிடந்தான்.

3

கப்பலில் தொங்கவிடும் மிதவை வளையம் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. நர்ஸ் இருக்கிற வீடு என்று நேரே எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்து, நாக்கும் உள் கன்னமும் உப்பில் வெந்து ரணமாகியிருந்தன. தண்ணீரைப் பஞ்சில் நனைத்துப் பிழிந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வார்த்தை பேசினான். தமிழ் இல்லை.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னா பாஷ இது?" என்றாள் அம்மா.

இந்தி கொஞ்சமும் கப்பல் இங்கிலீஷ் கொஞ்சமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு நர்ஸ் படிப்பு இங்கிலீஷ். இரண்டையும் வைத்துக்கொண்டு கதையைக் கோத்தேன். பெயர் ரஷீத். ஊர் கிழக்கு வங்காளத்தில் நோவகாளிப் பக்கம். வேற்று நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் எஞ்சின் அறையில் எண்ணெய் விடும் வேலை. கப்பல் மதராஸை விட்டுக் கிளம்பின இரவு யுத்தச் செய்தி வந்திருக்கிறது. அடுத்து கொழும்பு, அதற்கடுத்து கராச்சி என்று கப்பலில் சொல்லியிருக்கிறார்கள். கராச்சிக்குப் போன வங்காளி மாலுமிகள் சிலர் திரும்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் தம்பி ஊரில் பட்டாளத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவன் என்பதும் கராச்சியில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று பயந்தான். கரை பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து வளையத்தை எடுத்துக்கொண்டு கடலில் குதித்துவிட்டான்.

"கராச்சி நோ" என்றான் என்னிடம். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான்.

அவன் இடுப்பில் எண்ணெய்த் துணியில் சுற்றின மாலுமிப் புத்தகம் ஒன்று இருந்தது. நாட்டார் அதை வாங்கி என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். போட்டோவில் இவன்தான். நாடு என்ற இடத்தில் பாகிஸ்தான் என்று முத்திரை. படித்தேன்.

"வேவு பாக்க வந்தவன்னு நான் அப்பவே சொல்லல?" என்றான் மாசிலாமணி. எங்கள் தெருப் பையன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். அவன் அண்ணன் அப்போது வடக்கே எல்லையில் பட்டாளத்தில் இருந்தான். ஒரு வாரமாகக் கடிதாசி இல்லை. அவன் அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். "எங்கண்ணன் அங்க குண்டுக்கு எதுர நின்னுகினு கீறான். நீங்க இவனுக்கு வாயில பஞ்சு வெச்சுகினு கீறீங்க."

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணைப் பார்த்தபோது ரஷீதை மறைத்து நகர்ந்து உட்கார்ந்தேன். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் கையில் துடுப்பு இருந்தது.

"கடல்ல எடுத்தவன் நானு" என்றார் ஏழுமலை மாமா. "எவனும் கை வெக்கக் கூடாது."

"வெக்கல. பஞ்சாயத்து சொல்லட்டும்" என்றான் மாசிலாமணி.

4

மத்தியானம் கோயில் மணலில் ஊர் கூடியது. ரஷீதை மாமா தோள் கொடுத்து நடத்தி வந்து உட்கார வைத்தார். அவன் எதிரே அத்தனை ஆண்கள். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு ஒரே இடத்தில் சுற்றியது. இவன் வங்காளி என்றால் நாம் ஒருநாள் பாடு கொடுத்தது இவன் ஜனத்துக்குத்தான். அப்படியானால் இவன் விருந்தாளி. புத்தகத்தில் இருக்கிறபடி பாகிஸ்தான்காரன் என்றால் எதிரி, வேவு பார்க்க வந்தவன். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்போது நாட்டார்தான் அந்த யோசனையைச் சொன்னார். வேறு எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இது தோன்றியிருக்காது. எங்கள் ஜனத்துக்குத்தான் தோன்றும்.

"பாகிஸ்தான்காரன் ரொட்டி துன்றவன். வங்காளி மீன் துன்றவன். அஞ்சல, ஒன் வூட்ல இன்னிக்கு இன்னா மீனு?"

"உல்லம்" என்றாள் அம்மா.

கூட்டம் தலையாட்டியது. உல்லம் தின்றவர்களுக்குத் தெரியும். சதை எவ்வளவு ருசியோ அவ்வளவு முள். மயிர் மாதிரி முள், சதைக்குள்ளே கிளை விட்டுக் கிடக்கும். பிறந்ததிலிருந்து மீன் தின்றவனால்தான் அதை நாக்காலேயே பிரித்துத் தின்ன முடியும். மற்றவன் தொண்டையில் சிக்கி விழிப்பான். இதைவிடச் சரியான சாட்சி ஏது என்று எல்லோருக்கும் திருப்தி. மாசிலாமணி கூட ஒத்துக்கொண்டான்.

"நாட்டாரே, அவரு வாய் பூரா ரணம், இப்ப காரம் ஆவாது" என்றேன். பஞ்சாயத்தில் பெண் பேசுகிற வழக்கம் கிடையாது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா குழம்பை எடுக்க ஓடிவிட்டாள். அவளுக்கு நம்பிக்கை. இவன் தின்றுவிடுவான், எல்லாம் முடிந்துவிடும் என்று ஓடினாள்.

எங்கள் வீட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மிளகாய் சிவக்கச் சிவக்க அரைத்து, புளி கரைத்துக் கொதிக்கவிட்டது. தட்டு முன்னால் வந்ததும் ரஷீத் மீனைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஏதோ ஒரு பெயர் சொன்னான். ஆவலாக ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டான்.

அடுத்த நொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். மீன் மணலில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கத்தக்கூட முடியாமல் உடம்பை முறுக்கினான்.

நாட்டார் மணலில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பிட்டான்" என்றான் மாசிலாமணி.

விடிந்ததும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது, அதுவரை வலைக் கொட்டகையில் போட்டுப் பூட்டுவது, காவலுக்கு மாசிலாமணி என்று முடிவாயிற்று. இழுத்துப் போனபோது ரஷீத் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த மீனால் தனக்கு என்ன வந்தது என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. எந்தப் பாஷையில் சொல்லுவது?

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாலா சாப்பிடாமல் அடம் பிடித்தாள். சந்தையில் நல்ல மீன் கிடைத்து, ஆசையாகக் குழம்பு வைத்திருந்தேன். "இதுல முள்ளு இருக்கு" என்று தட்டைத் தள்ளினாள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பது செவ்வகமாக வெட்டி ரொட்டித்தூள் தடவி வறுத்த மீன். அதற்கு முள்ளும் கிடையாது, முகமும் கிடையாது. இவளும் அதைத்தான் கேட்கிறாள். குப்பத்து அஞ்சலையின் பேத்தி இவள் என்று யாரிடம் சொல்ல?

டெலிவிஷனில் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களைக் காட்டினார்கள். இந்த நாடு அவர்களில் கொஞ்சம் பேருக்கு வீடு கொடுக்கிறது. மாலாவின் பள்ளியில் அந்தக் குழந்தைகளுக்கு பொம்மை சேர்க்கிறார்கள். இவள் தன் கரடியை எடுத்து வைத்திருக்கிறாள். நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "பாவம்தான், ஆனால் நம் மாடிக்கே கொண்டுவந்து வைப்பார்களோ?" என்று கேட்டாள். நல்ல அம்மாள். குளிர்காலத்தில் ஏழைகளுக்காகச் சேர்க்கும் நிதிக்கெல்லாம் தாராளமாகக் கொடுப்பவள்.

எங்கள் குப்பமும் தூரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு நொடி யோசிக்கவில்லை.

6

பஞ்சாயத்து கலைந்த அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ரணம்னு சொன்னியே, மெய்தானா?"

"வாயத் தொறந்து பாத்தவ நானு. பச்ச ரணம்."

"அப்ப தப்பு கொழம்பு மேல. அந்த ஆளு மேல இல்ல."

மிச்சமிருந்த உல்லத்தை எடுத்து, மிளகாயே போடாமல், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்தாள். கொஞ்சம் சோற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு வலைக் கொட்டகைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். மாசிலாமணி கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"தொறடா."

"நாட்டாரு சொல்லாம தொறக்க மாட்டேன் யக்கா."

"தொறந்து நீயே பக்கத்துல குந்து. அவன் துன்றத ஒன் கண்ணால பாரு. ஒங்கண்ணன எவனோ புடிச்சு வெச்சுகினு கீறான்னு வெச்சுக்க. அவனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த அங்க ஒருத்தி இல்லாமயா போவா?"

மாசிலாமணி எழுந்து திறந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறந்தான்.

ரஷீத் முதலில் பயந்தான். நான் விரலால் குழம்பைத் தொட்டு என் நாக்கில் வைத்துக் காட்டினேன். அப்புறம் தின்றான். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். வலக்கை சோற்றைப் பிசைய, வாய் ஓரத்தில் முள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதைத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தான். எங்கள் மாமா செய்வது போலவே தலையை உறிஞ்சினான். தின்று முடித்து அம்மாவைப் பார்த்து "மா" என்றான். அந்த வார்த்தைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மாசிலாமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொட்டகையைப் பூட்டாமலே எழுந்து நாட்டார் வீட்டுக்குப் போனான். அவரை அழைத்து வந்து தட்டைக் காட்டினான். "நான் பாத்தேன் நாட்டாரே. இவன் நம்ப ஜாதி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கூட்டத்தில் சொன்ன வார்த்தையை நாட்டார் ஒருவராக மாற்ற முடியாது.

"செங்கல்பட்டுக்குப் போறது போறதுதான்" என்றார் கடைசியில். "ஆனா புடிச்சுக் குடுக்கப் போவல. கூட்டினு போய் இவன் வங்காளின்னு சொல்லப் போறோம். ஊரே சொன்னா ஆபீசரு கேக்காமயா போவாரு?"

அம்மா அந்த முள் தட்டை அப்படியே துணியில் கட்டினாள். ஆபீசருக்குக் காட்ட.

7

மறுநாள் காலை பஸ்ஸில் நாட்டார், மாமா, மாசிலாமணி, அம்மா, நான், நடுவில் ரஷீத். மாசிலாமணி தன் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டிருந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஜனங்கள் எங்களையே பார்த்தார்கள். யாராவது ஏதாவது கேட்டால் பேச வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஒரே கூட்டம். காதைத் தீட்டிக் கேட்டேன். வங்கதேசத்தைத் தனி நாடாக இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது என்று செய்தி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரஷீதிடம் சொன்னேன். அவன் புரியாமல் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"நாடு வந்துச்சுப்பா ஒனக்கு" என்று நாட்டார் அவன் தலையைத் தடவினார்.

நாங்கள் போன ஆபீஸ் எது என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். எங்களைத் துரத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். அம்மா துணியை அவிழ்த்து முள் தட்டை மேஜை மேல் வைத்தபோது முகத்தைச் சுளித்தாலும் திட்டவில்லை.

"அம்மா, மீன் முள்ளை நான் எந்த ரிக்கார்டில் எழுதுவேன்?" என்றார். மாலுமிப் புத்தகத்தைப் புரட்டினார். "இதில் பாகிஸ்தான் என்று இருக்கிறது."

"இன்னிக்குக் காலையில அவருக்கு நாடு வந்துடுச்சு சார். ரேடியோல சொன்னாங்க" என்றேன்.

"நானும் கேட்டேன். சந்தோஷம்தான். ஆனால் எனக்குத் தாளில் உத்தரவு வரவில்லை. வரும்வரை இவர் பாகிஸ்தான்காரர். நான் மாற்றி எழுதினால் என் வேலை போய்விடும்."

எழுதினார். ரஷீத் என்னிடம் திரும்பி, என்ன எழுதுகிறார் என்று கேட்டான். அன்றைக்கு முழுதும் நான்தான் அவனுக்கு வாய், நான்தான் காது. சொன்னேன். அவன் மாசிலாமணியின் சட்டையைக் கழற்றி மடித்து அவனிடம் நீட்டினான். மாசிலாமணி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். ஜீப்பில் ஏறும்போது, "கராச்சி நோ?" என்று என்னைக் கேட்டான். "நோ, நோ" என்றேன். அந்த நிமிஷம் அதை நம்பித்தான் சொன்னேன்.

8

பதினாறாம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் பட்டாளம் சரணடைந்தது. குப்பத்தில் வெடி வாங்கி வைத்திருந்தார்கள். மாசிலாமணியின் அண்ணன் உயிரோடு இருப்பதாகக் கடிதாசி வந்திருந்தது. அம்மா நடுத் தெருவில் போய் நின்றுகொண்டாள்.

"நாடு வாங்கிக் குடுத்தோம்னு வெடி வெடிக்கிறீங்க. நாட்டுக்காரன் எங்க?"

வெடிக்கவில்லை. முதலில் திரியைக் கீழே போட்டவன் மாசிலாமணி.

அதற்கப்புறம் அம்மா மீன் விற்கப் போகிற சாக்கில் செங்கல்பட்டுக்கு நடையாய் நடந்தாள். வடக்கே ஏதோ முகாமுக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். நீ அவனுக்கு என்ன உறவு என்று ஒருவர் கேட்டாராம். கடலில் எடுத்தவள் என்றாளாம். நான் மனு எழுதினேன். வங்கதேசத்துக்காரர் ரஷீதை விடுவிக்க வேண்டும் என்று குப்பமே கைநாட்டு வைத்தது. ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரில் வங்கதேசத்தவர் யாரும் எங்கள் வசம் இல்லை.

இல்லைதான். அவர்கள் கணக்கில் அவன் பாகிஸ்தான்காரன்.

நான் இந்த நாட்டுக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பேப்பரில் படித்தேன். பாகிஸ்தான் கைதிகளை ரயில் ரயிலாக எல்லைக்கு அனுப்புகிறார்கள், எல்லோரும் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று. அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். படித்துக் காட்டினேன். எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். எந்த ஊருக்குப் போகக் கூடாது என்று அந்த மனுஷன் ராத்திரிக் கடலில் குதித்தானோ, அந்த ஊருக்கு நாமே டிக்கெட் போட்டு அனுப்பியிருப்போம். அவன் பெயருக்கு நேரே நாம் எழுதி வைத்த நாடு அப்படி.

9

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் கொடி, பாட்டு, குழந்தைகள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்தியா செய்த உதவிக்கு நன்றி என்று ஒருவர் முன்னுரை சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மைக்கைப் பிடித்து, ரஷீத், நோவகாளி, கப்பலில் எஞ்சின் அறை வேலை, எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர், மதராஸுக்குத் தெற்கே கடலில் குதித்தவர் என்று சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் எடுத்தார்கள், எங்கள் சர்க்கார் பாகிஸ்தான்காரர் என்று எழுதி வைத்துக்கொண்டது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். முன்னுரை சொன்னவர் பக்கத்தில் வந்து, "சகோதரி, இன்றைக்கு நல்ல நாள்" என்று மெல்லச் சொன்னார். நல்ல நாள் என்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெயரைச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

கீழே இறங்கியதும் மியா என்னிடம் வந்தார். அவரும் அந்தச் சமயத்தில் கராச்சியில் மாட்டிக்கொண்டவர்தானாம். இரண்டு வருஷம் கம்பிவேலிக்குள் இருந்தாராம். அங்கே அகப்பட்ட வங்காளிகளையும் பிற்பாடு பரிமாற்றமாக டாக்காவுக்கு அனுப்பினார்கள் என்றார். தானும் அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்ததாகச் சொன்னார்.

"எல்லோரையுமா?" என்றேன்.

"பெரும்பாலும்" என்றார். "உங்கள் ஆளும் வந்து சேர்ந்திருப்பார், சகோதரி. நம்பிக்கையாக இருங்கள்."

இன்று காலையிலிருந்து அம்மாவுக்குக் கடிதாசி எழுத உட்காருகிறேன். மாசிலாமணிதான் அவளுக்குப் படித்துக் காட்டுவான். வந்து சேர்ந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். நான் எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும், மாசிலாமணி படித்து முடித்ததும் அம்மா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. கீறானா இல்லியா, அத்தச் சொல்லச் சொல்லு அவள."